நமேலே இலைக்கு ஒரு பன்றி

வண்டி தென்னந்தோப்பைத் தாண்டி வளைந்ததுமே எஸ்லின் அதைப் பார்த்துவிட்டாள். குடியிருப்புக்குப் போகிற மண்பாதையின் நடுவில் ஒரு கம்பு நட்டிருந்தது. அதில் இரண்டு நமேலே ஓலைகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியிருந்தார்கள். யாரும் தாண்டக்கூடாது என்று அர்த்தம். இந்தப் பக்கம் மஞ்சள் நிற புல்டோசர் ஒன்று அணைந்து நின்றது. அதன் ஓட்டுநர் முன்தகட்டின் மேல் சாவகாசமாக உட்கார்ந்து, வாழையிலையைப் பிரித்து லாப்லாப் என்கிற கிழங்கு அடையைத் தின்றுகொண்டிருந்தான். யாருடைய வீட்டை இடிக்க வந்தானோ அவர்கள் வீட்டுப் பெண்கள் கொடுத்தனுப்பிய சாப்பாடு. சான்டோ தீவில் இதற்கெல்லாம் யாரும் மூக்கில் விரலை வைப்பதில்லை.

"என்னண்ணே, இங்கயே குடிவந்துட்டீங்களா?" என்று இறங்கியபடியே கேட்டாள்.

"நேத்தே வந்துட்டோம் தங்கச்சி. இலையப் பாத்தேன், எஞ்சின அணைச்சிட்டேன். அமீனா கத்திட்டு டவுனுக்குப் போயிட்டாரு. தாண்டணும்னா அவரு தாண்டட்டும். எனக்குப் பிள்ளகுட்டி இருக்கு."

இலைக்கு அந்தப் பக்கம் விராலோ மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றார். எஸ்லினுக்கு அம்மா வழியில் மாமன் முறை. அம்பே தீவில் எரிமலைச் சாம்பல் கொட்டித் தோட்டந்துரவெல்லாம் செத்தபோது, கப்பலேறி இங்கே வந்த குடும்பங்களுக்கு அவர்தான் தலைவர். அன்று அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்தால், புல்டோசரைக் கையாலேயே பிடித்து நிறுத்தியவர் என்று நினைக்கத் தோன்றும்.

"பாத்தியா பிள்ள? மெஷினு ஒரு அடி உள்ள வரல."

"யாரு மாமா இத வைக்கச் சொன்னது?"

"நீதான்."

"நானா?"

"போன்ல சொன்னியே. ஜட்ஜய்யா வந்து பாக்குற வரைக்கும் என்ன செஞ்சாவது மெஷின உள்ள விட்றாதீங்கன்னு. கல்லெறியவா, கத்தியத் தூக்கவான்னு பயலுக குதிச்சானுக. வேணாம்டா, நம்ம கிட்ட இதுக்குன்னு ஒரு வழி இருக்குன்னு இலைய வச்சேன். சத்தமில்லாம நின்னுருச்சுல்ல."

சொன்னாள்தான். வேறொரு தீவின் விமானத் தளத்தில், காற்றில் காது அடைக்க, தோற்றுப்போன ஒரு வழக்கின் எரிச்சலோடு நின்றுகொண்டு சொன்ன வார்த்தை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலாவது சட்டம் படிக்கவில்லை.

அவள் அரசாங்கத்தின் இலவச வழக்கறிஞர். பணமில்லாதவர்களுக்காகத் தீவு தீவாகப் போய் வாதாடுவது வேலை. கூடப் படித்தவர்கள் தலைநகர் வீலாவில் குளிரூட்டிய அறையில் இருக்க, இவள் சரக்குப் படகில் வாந்தியெடுத்து, பள்ளிக்கூடத் தரையில் படுத்து, மறுநாள் காலை அதே கசங்கிய உடுப்போடு நீதிமன்றத்தில் நிற்பாள். அதில் அவளுக்கு ஒரு திமிரும் உண்டு. வேறு எந்த வேலைக்கும் தான் லாயக்கில்லை என்று நிச்சயமாக நம்பினாள்.

வழக்கு இதுதான். இந்தக் கடற்கரை நிலத்தை மோலிசாலே என்கிற பெரியவரின் தம்பி சாகும் முன் ஒரு சுற்றுலாக் கம்பெனிக்குக் குத்தகைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். குடியிருப்பவர்கள் திருட்டுத்தனமாக நுழைந்தவர்கள் என்று சொல்லிக் கம்பெனி வெளியேற்ற உத்தரவும் வாங்கிவிட்டது. உத்தரவு அமலில் இருக்கிறது. எஸ்லின் தடை கேட்டு மனுப் போட்டாள். நீதிபதி அன்று காலை நேரில் வந்து இடத்தைப் பார்ப்பதாகவும், மோலிசாலேயின் வாயால் கேட்பதாகவும் சொல்லியிருந்தார். குத்தகைக்கு முன்பே இவர்களைக் குடிவைத்தது நான்தான் என்று மண்ணுக்குரிய அந்தப் பெரியவர் ஒரு வார்த்தை சொன்னால் வீடுகள் நிற்கும். சொல்லாவிட்டால் மதியத்துக்குள் தரைமட்டம்.

அந்தப் பெரியவரின் பாதையில்தான் இப்போது விராலோவின் இலை நின்றது.

விராலோ தங்கள் தீவு வழக்கப்படி பன்றி பலி கொடுத்துப் படிப்படியாகத் தலைமைப் பட்டம் ஏறியவர். அவருடைய தீவில் அவர் வைத்த இலையைக் காற்றுகூட யோசித்துத்தான் தாண்டும். ஆனால் இது அவருடைய தீவு அல்ல. நமேலே இலை வைப்பது என்றால், இந்த மண் என் சொல்லுக்குக் கட்டுப்பட்டது என்று ஊருக்குச் சொல்வது. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப்பிடாரியை விரட்டிய கதை. பயத்திலும் அவசரத்திலும் மனிதருக்கு அது தோன்றவே இல்லை.

"மோலிசாலே பெரியவரு இத பாத்தாரா மாமா?"

"இனிமேதான் வருவாரு. பாத்தா சந்தோஷப்படுவாரு."

எஸ்லின் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் பெரியவரே கைத்தடியோடு தோப்பு வழியாக வந்துவிட்டார். இலையின் முன் நின்றார். தடியின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு பார்த்தார். ஓட்டுநர் மெல்லுவதை நிறுத்திவிட்டான்.

"இது யார் கை?"

"என் கைதான் பெரியவரே," என்றார் விராலோ.

"அப்படியா. அப்ப என் தோட்டத்துக்குப் போக நான் உங்கிட்டக் கேட்டுட்டுப் போகணும்."

விராலோவின் முகம் அப்போதுதான் மாறியது. "ஐயோ, உங்களுக்கு இல்ல பெரியவரே. மெஷினுக்குத்தான்..."

"மெஷினுக்குன்னு தனியா இலை இருக்கா உங்க ஊர்ல? தூங்க இடம் கேட்டீங்க, கொடுத்தேன். கெழங்கு நட இடம் கேட்டீங்க, கொடுத்தேன். இலை வைக்க என் பேரையும் கேட்டிருக்கலாம். கேக்காமலே எடுத்துக்கிட்டீங்க."

அவர் திரும்பி, விழுந்து கிடந்த தென்னைமரத்தின் மேல் இவர்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். "கோர்ட்டுக்குச் சொல்ல எங்கிட்ட ஒண்ணும் இல்ல. மண்ணு யாருதுன்னு இலை வச்சவர்கிட்டயே கேக்கச் சொல்லுங்க."

எஸ்லின் அவர் எதிரே போய் மண்ணில் குந்தினாள். உட்கார்ந்திருக்கும் பெரியவரின் தலைக்கு மேலே நின்று பேசினால் இருக்கிற கோபமும் இரட்டிப்பாகும்.

"தப்புத்தான் பெரியவரே. எப்படிச் சரி பண்ணணும்?"

"உங்க தீவுல தண்டத்துக்குப் பன்னி வளக்கிறதில்லையா? எங்கிட்டக் கேக்குற."

விராலோவிடம் இருந்தது ஒரே ஒரு பன்றி. மேல்பல்லைத் தட்டி எடுத்து, கீழ்த்தந்தம் வளைய வழி விட்டு, கிழங்கை வேகவைத்து மசித்துக் கையால் ஊட்டி வளர்த்தது. அந்தத் தந்தம் வட்டமாகி இப்போது தாடையைத் தொடும் நிலையில் இருந்தது. சாம்பலுக்குப் பயந்து ஓடி வந்தபோது துணிமணியை விட்டுவிட்டு அதை மட்டும் கப்பலில் ஏற்றிய மனிதர் அவர். கடைசிப் பட்டத்துக்கென்று வைத்திருந்தார்.

அவர் பையன்கள் பக்கம் திரும்பினார். "அவுத்துக்கிட்டு வாங்க," என்றார்.

"இருங்க," என்றாள் எஸ்லின். "இப்பக் கூடாது."

"ஏன்?"

"அவரு சாட்சி மாமா. சாட்சி சொல்லப் போற காலைல அவரு கையில நாம பன்னிக் கயித்தக் கொடுத்தா, சட்டத்துல அதுக்குப் பேரு லஞ்சம். கேஸும் போயிரும், நானும் ஜெயிலுக்குப் போவேன்."

"கொடுக்கலன்னா அவரு பேச மாட்டாரு."

"தெரியும்."

பெண்களில் ஒருத்தி இலைக்கு அந்தப் பக்கமிருந்து கழுத்தை நீட்டினாள். "ஜட்ஜு கார் வர்றதுக்குள்ள முடிச்சிரலாமே அக்கா. யாரு பாக்கப் போறா?"

எஸ்லின் பாதையைத் திரும்பிப் பார்த்தாள். தோப்பில் ஓர் அரவமும் இல்லை. யார் பார்க்கப் போகிறார்கள் என்று அவள் மனமும் அந்தப் பெண்ணோடு சேர்ந்துகொண்டது. ஐந்து நிமிட வேலை. சரி, சீக்கிரம் என்று சொல்ல நாக்கு எழுந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துத் தோப்புக்குள் வண்டிச் சத்தம் கேட்டது. அவளை நல்லவளாக வைத்தது அந்தச் சத்தம்தான், வேறொன்றும் இல்லை.

முதலில் இறங்கியவர் கல்மேட், கம்பெனியின் வக்கீல். வீலா இருக்கிற எஃபாட்டே தீவுக்காரர். சட்டக் கல்லூரியில் எஸ்லினோடு ஒரே வகுப்பு. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி இலையைப் பார்த்தார். அதற்குள் பையன்கள் அவிழ்த்து வந்து அந்தப் பக்கம் கயிற்றோடு நிறுத்தியிருந்த பன்றியையும் பார்த்தார். கைபேசியை எடுத்து இரண்டையும் படம் பிடித்தார். இலைக்கு மிக நெருக்கமாக மட்டும் போகவில்லை.

"வரவேற்பு பலமா இருக்கே எஸ்லின்," என்றார். "பன்னி எனக்கா, சாட்சிக்கா?"

அடுத்த வண்டியில் நீதிபதி யோலுவும், எழுத்தரும், அமீனாவும், ஒரு போலீஸ்காரரும் வந்தார்கள். யோலு தான்னாத் தீவுக்காரர், கனத்த உடம்பு. இறங்கி நடந்தவர் இலையைக் கண்டதும் நின்றார். தொப்பியைக் கழற்றினார்.

கல்மேட் நேரத்தை வீணாக்கவில்லை. "அய்யா, வெளியேத்துற உத்தரவு அமல்ல இருக்கு. அதத் தடுக்க இந்த இலைய வச்சிருக்காங்க. இது நேரடியான கோர்ட்டு அவமதிப்பு. உத்தரவ மிதிச்சவங்க அதே கோர்ட்டுகிட்டக் கருணை கேட்டு வர முடியாது. யாரு வச்சதுன்னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க. மனுவத் தள்ளிரலாம். மெஷின் தயாரா இருக்கு."

ஓட்டுநர் லாப்லாப்பைக் கீழே வைத்தான்.

"யாரு வச்சது?" என்றார் நீதிபதி.

விராலோ ஓரடி முன்னால் வந்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர், சொல்லவும் மாட்டார். நான்தான் என்று அவர் வாய் திறந்தால் என்ன நடக்கும் என்பது எஸ்லினுக்குப் பாடப்புத்தகம் போல மனப்பாடம். போலீஸ்காரர் அவர் கையைப் பிடிப்பார், மனு தள்ளுபடியாகும், எஞ்சின் உறுமும். அவள் நீதிபதிக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"அய்யா," என்றாள். "வச்ச கை அவரோடது. வைக்க வச்ச வாய் என்னோடது."

"விளங்கப் பேசுங்கம்மா."

"என்ன செஞ்சாவது மெஷின உள்ள விடாதீங்கன்னு இவங்களுக்குப் போன்ல சொன்னது நான். உத்தரவு அமல்ல இருக்குன்னு தெரிஞ்சேதான் சொன்னேன். வக்கீல் சொன்னா அதுதான் சட்டம்னு நம்பி இவங்க செஞ்சாங்க. மிதிச்சது நான். இவங்க கையில அழுக்கு இல்ல."

கல்மேட் அவள் பக்கம் சாய்ந்தார். குரலில் கேலி போயிருந்தது. "பைத்தியமா உனக்கு? லைசென்ஸு போயிரும். வார்த்தைய வாபஸ் வாங்கு."

அவள் வாங்கவில்லை. நீதிபதி தொப்பியை மறு கைக்கு மாற்றினார்.

"காதுல கேட்டுட்டு நான் கேக்காத மாதிரி இருக்க முடியாதும்மா. வழக்கறிஞர் மன்றத்துக்கு எழுதியாகணும்."

"எழுதுங்க அய்யா."

"சரி. மனு உயிரோட இருக்கு. சாட்சியக் கேக்கலாம். பெரியவரே, உள்ள வாங்க."

மோலிசாலே திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இலை நிக்குதே. எப்படி வர்றது? பன்னி வந்தா இலை போகும். இலை போனா நான் வருவேன்."

"சாட்சிக்குப் பன்னி கொடுத்தா அது லஞ்சம் அய்யா," என்றார் கல்மேட். "ஆட்சேபிக்கிறேன்."

"இலையத் தாண்டி நீங்க நடப்பீங்களா கல்மேட்?" என்று நீதிபதி கேட்டார். கல்மேட் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். "நானும் மாட்டேன். நான் ஜட்ஜானது நேத்து. தலைவர் வீட்டுப் பிள்ளையானது பிறந்தப்பவே."

ஒருவரும் நகரவில்லை. பன்றி மட்டும் மண்ணைக் கிளறியது. சாட்சிக்கு முன்னால் பன்றி கூடாது என்கிறது சட்டம். பன்றிக்கு முன்னால் சாட்சி இல்லை என்கிறது வழக்கம். இரண்டையும் மதிக்கிற ஒரு நாட்டில் இப்படித்தான் நடுப்பாதையில் நிற்க வேண்டியிருக்கிறது. வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. பிற்பகல் விமானத்தைப் பிடிக்க வேண்டிய நீதிபதி ஒரு முறை மணியைப் பார்த்துக்கொண்டார். அவர் போய்விட்டால் மறுபடி எப்போது வருவாரோ. அமீனாவுக்கு அதுவரை காத்திருக்க எந்தக் கட்டாயமும் இல்லை.

எஸ்லின் கையிலிருந்த வழக்குக் கட்டைப் பார்த்தாள். அதைக் கொண்டுபோய் எழுத்தரின் கையில் கொடுத்தாள்.

"அய்யா, இந்த நிமிஷத்துலேருந்து நான் இவங்க வக்கீல் இல்ல. விலகிக்கிறேன். இப்பக் கொடுக்கப் போறது கட்சிக்காரங்க சாட்சிக்குக் கொடுக்கிறது இல்ல. வாய் தவறின ஒரு அம்பேப் பொம்பள, மண்ணுக்குரியவருக்குக் கட்டுற தண்டம். ஒளிச்சு இல்ல, உங்க எல்லார் கண்ணு முன்னாலயும். கல்மேட் அய்யா அதப் பத்தி அவருகிட்ட எவ்வளவு வேணாலும் குறுக்கு விசாரணை பண்ணட்டும்."

"அப்ப சாட்சிய யாரு விசாரிப்பா?"

"நீங்களே கேளுங்க அய்யா. கேக்க வேண்டியது ஒரே கேள்விதான்."

கல்மேட் மறுபடி ஆட்சேபம் சொன்னார். ஆனால் பாதிக் குரலில். "எழுதிக்கங்க," என்று நீதிபதி எழுத்தரிடம் சொன்னார். "ஆட்சேபம் பதிவாச்சு. விலகினதும் பதிவாச்சு."

தண்டம் கட்டுகிறேன் என்று சொல்லிவிட்டாளே தவிர, டவுனில் வாடகை வீட்டில் இருக்கிறவளிடம் ஒரு கோழிகூடக் கிடையாது. விராலோ தாமே பன்றியை ஓட்டிக்கொண்டு இலையைச் சுற்றிப் புதர் வழியாக வந்தார். கயிற்றை அவள் கையில் வைத்தார். வைத்த பிறகும் அவர் விரல்கள் கயிற்றை உடனே விடவில்லை.

"மாமன் மருமவளுக்குக் கொடுக்கிறது," என்றார். "அவ அத என்ன செஞ்சா எனக்கென்ன."

எஸ்லின் குனிந்தபடியே நடந்து போய்க் கயிற்றைப் பெரியவரின் காலடியில் வைத்தாள். "உங்க மண்ணுல என் வாய் அளவுக்கு மீறிப் பேசிருச்சு பெரியவரே."

மோலிசாலே பன்றியின் தந்தத்தைப் பார்த்தார். அது என்ன, எத்தனை வருட உழைப்பு என்பது அவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தலை நிமிர்ந்து விராலோவையும் ஒரு முறை பார்த்தார். பிறகு தடியால் கயிற்றைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். விராலோ கம்பைப் பிடுங்கி ஓலைகளை அவிழ்த்தார். நீதிபதி தொப்பியை வைத்துக்கொண்டு நடந்தார். அவர் பின்னால் எல்லோரும் நடந்தார்கள்.

எஸ்லின் போகவில்லை. வழக்கில் இல்லாதவளுக்கு அங்கே என்ன வேலை? மாமரத்தடியில் பாய் விரித்து நீதிமன்றம் கூடியது தெரிந்தது; ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. எத்தனையோ தீவில் எத்தனையோ மரத்தடியில் எழுந்து நின்று பேசியிருக்கிறாள். தூரத்திலிருந்து வாயசைவைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. கல்மேட் எழுந்து கையை ஆட்டினார். பெரியவர் தடியைத் தரையில் தட்டினார். கல்மேட் இன்னும் பெரிதாகக் கையை ஆட்டினார்.

ஓட்டுநர் வந்து பக்கத்தில் நின்றான். "தங்கச்சி, எஞ்சினப் போடவா, வேணாமா?"

"எனக்கும் தெரியலண்ணே."

பிறகு கல்மேட் உட்கார்ந்தார். நீதிபதி எழுதினார். எழுதிக்கொண்டே இருந்தார். திடீரென்று பெண்கள் பக்கமிருந்து ஒரு கூச்சல் எழுந்தது. அழுகையா மகிழ்ச்சியா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. அமீனா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து, "வண்டியத் திருப்பு," என்று ஓட்டுநரிடம் சொன்ன பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. முழு வழக்கு முடிகிறவரை ஒரு வீட்டையும் தொடக்கூடாது என்று தடை.

நீதிபதி வண்டியில் ஏறும் முன் அவள் அருகே நின்றார். "உங்க விஷயத்த இன்னிக்கே எழுதிருவேன்."

"சரிங்க அய்யா."

"எழுத மனசில்ல," என்றார். "எழுதுவேன்."

மோலிசாலே பன்றியை ஓட்டிக்கொண்டு மெதுவாக வந்தார். முகத்தில் குறும்பு ஏறியிருந்தது. "அந்த வீலாப் பய என்ன கேட்டான் தெரியுமா? பன்னி வாங்கினதுனாலதான இவங்களுக்காகப் பேசுறன்னான். நான் சொன்னேன், தம்பி, திருட்டுத்தனமா வந்து உக்காந்தவன் எவனாவது தண்டம் கட்டுவானா? வீட்டுக்காரன் இவன்தான்னு தெரிஞ்ச விருந்தாளிதான் கட்டுவான். உங்க கம்பெனி என் மரத்தையெல்லாம் வெட்டுச்சே, எனக்கு ஒரு கோழிக்குஞ்சு கொடுத்துச்சான்னேன். ஜட்ஜு சிரிச்சிட்டாரு. அதத்தான் எழுதிக்கிட்டாரு."

எஸ்லினும் சிரித்தாள். காலையிலிருந்து முதல் சிரிப்பு. பெரியவர் தோப்புக்குள் மறையும்வரை பன்றியின் முதுகையே விராலோ பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வந்து அவள் பக்கத்தில் பாதையோரம் உட்கார்ந்தார்.

"பெரிய வழக்கு எப்ப வருது பிள்ள?"

"அடுத்த வருஷம் ஆயிரும் மாமா."

"வரட்டும். நீ இருக்க."

"நான் வர முடியாது மாமா."

"ஏன், விலகினது இன்னிக்கு ஒரு நாளைக்குத்தான?"

"இல்ல மாமா. இனிமே யாருக்காகவும் நிக்க முடியாது. உத்தரவ மீறச் சொன்ன வக்கீல மன்றத்துல வச்சிருக்க மாட்டாங்க."

விராலோவுக்கு அது உள்ளே இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. இறங்கியதும் கோபம்தான் வந்தது. "இத முன்னாலயே சொல்லியிருந்தா நான்தான் வச்சேன்னு போலீஸ்காரன் கையில கையக் கொடுத்திருப்பேனே. பன்னி எதுக்குக் கொடுத்தேன்? உன்னக் காப்பாத்தும்னு நெனச்சுல்ல கொடுத்தேன்."

"வீடு போயிருக்கும் மாமா."

"வீடு." அவர் குடியிருப்பைத் திரும்பிப் பார்த்தார். "வீட்ட ஒரு தடவ விட்டுட்டு வந்தவங்கதான நாங்க. மூங்கிலும் ஓலையும். மறுபடி கட்டத் தெரியாதா எங்களுக்கு? எங்களுக்குன்னு எழுந்து நின்னு பேச நீ ஒருத்திதான் இருந்த. உன்ன எங்க போய்க் கட்டறது நாங்க?"

எஸ்லின் முகத்தை மூடிக்கொள்ளக்கூடத் தோன்றாமல் அழுதாள். அதற்குள் பெண்கள் பவுடர் டப்பாக்களோடு ஓடி வந்துவிட்டார்கள். ஜெயித்தவள் ஆனந்தத்தில் அழுகிறாள் என்று நினைத்து, கொண்டாட்ட நாளின் வழக்கப்படி அவள் தலையிலும் கழுத்திலும் பவுடரை வெள்ளை வெளேரென்று கொட்டி, செம்பருத்தி மாலையைப் போட்டு, கை தட்டிச் சிரித்தார்கள். விராலோ யாரையும் தடுக்கவில்லை. அவர் மட்டும் சிரிக்காமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.